கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறி இன்று ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் மட்டுமின்றி, எளியோர் கைகளிலும் இடம் பெற்றுவிட்டது. ஆயினும் அது தானே எண்ணிச் செயலாற்ற வல்லதன்று. முதலில் செய்ய வேண்டுவது இன்னது, அடுத்துச் செய்ய வேண்டுவது இன்னது என்று கட்டளைகளை வரிசைப்பட எழுதித் தந்தாலன்றி அஃது ஒன்றும் செய்யாது. அக்கட்டளை வரிசையை நிரல் என்பர். இக்காலத்தில் நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே எழுதுவதில்லை. முன்னரே பிறர் எழுதிச் சரிபார்த்து வைத்த சிறு நிரல்களைப் பொதுக் களஞ்சியங்களிலிருந்து எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்கின்றனர். வேண்டிய நிரல் எங்குள்ளது என்று தேடி, எடுத்து, பொருத்தித் தரும் வேலையையும் கணிப்பொறியே செய்துவிடுகின்றது. இவ்வழக்கம் வேரூன்ற உழைத்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்க அம்மையார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் மாநகரில் பிறந்தார். தந்தையார் வால்டர் மரே, காப்புறுதித் தொழில் புரிந்தவர். தாயார் மேரி கணிதத்தில் ஆர்வம் மிக்கவர். கொள்ளுப் பாட்டனார் ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாய்வழிப் பாட்டனார் நகரின் தெருக்களை அளந்து வகுத்த பொறியாளர். அவர் நிலம் அளக்கச் செல்லும்போது சிறுமி கிரேஸும் உடன் செல்வதுண்டு.

ஏழு வயதில் அச்சிறுமி செய்த செயலொன்று அவருடைய இயல்பை நன்கு காட்டும். கோடைக்காலத்தில் அக்குடும்பத்தார் தங்கும் வீட்டில் அறைக்கு ஒன்றாக ஏழு மணியெழுப்பும் கடிகாரங்கள் இருந்தன. கடிகாரம் எவ்வாறு குறித்த நேரத்தில் மணி அடிக்கின்றது என்பதை அறிய விரும்பிய சிறுமி, ஒன்றைக் கழற்றினாள். மீண்டும் பூட்ட இயலவில்லை. எவ்வாறு பூட்டுவது என்று பார்ப்பதற்காக இரண்டாவதைக் கழற்றினாள், பிறகு மூன்றாவதை. இவ்வாறு ஏழும் கழன்று கிடந்தபோதுதான் தாயார் கண்டார். அவர் மகளை ஒறுக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் வரையறை செய்தார்.

வால்டர் மரே, ஆண்மக்களைப் போலவே பெண்மக்களும் கல்வி பெற்றுத் தம் காலில் நிற்க வேண்டும் என்னும் கொள்கையுடையவர். பதினாறாம் வயதில் கிரேஸ் வாசர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். இலத்தீன் மொழித் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமையால் அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. மறுபடியும் முயன்று அடுத்த ஆண்டு சேர்ந்தார். 1928ஆம் ஆண்டு கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1930இல் முதுகலைப் பட்டமும், 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் அடைந்தார். பெண்கள் அத்தகைய பட்டம் பெறுவது அரிதாயிருந்த காலம் அது. 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் ஆசிரியரை மணந்து ஹாப்பர் என்னும் பெயரை ஏற்றார். அம்மணம் 1945இல் முறிந்தது. பெயர் மட்டும் இறுதிவரை நிலைத்தது.

1931 முதல் வாசர் கல்லூரியிலேயே அவர் கணிதம் கற்பித்தார். தம் மாணவியரைக் கணக்குகளைப் போடச் செய்ததோடு அமையாமல், கணிதப் பொருள்களைப் பற்றிக் கட்டுரை எழுதவும் பணித்தார். கணித வகுப்பில் கட்டுரை எதற்கு என்று மாணவியர் முணுமுணுத்தனராம். தாம் அறிந்ததைப் பிறர் அறியும்படி எழுதிவைக்கத் தெரியாதவர்க்குக் கணிதம் கற்றதனால் பயன் சிறிதே என்பது ஆசிரியையின் எண்ணம். இவ்வெண்ணம் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கடற்படையில் சேர்ந்து நாட்டுக்குத் தொண்டாற்ற அம்மையார் விரும்பினார். வயது முப்பத்தாறைக் கடந்துவிட்டது. உடல் எடையோ வேண்டிய அளவுக்குப் பதினைந்து பவுண்டு குறைவு. அன்றியும், கணித ஆசிரியர்கள் தத்தம் பணியிலேயே இருப்பது போருக்குப் பயன்படும் என்று அரசினர் கருதினர். இத்தடைகளையெல்லாம் மீறிச் சிறப்பு இசைவு பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் சேமப் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதல்வராகத் தேறினார். 1944 ஜூலைத் திங்களில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினர்.

அங்கே அவர் கண்டது மார்க்கு ஒன்று என்னும் கணிப்பொறி. ஹோவர்டு எய்க்கன் என்பார் வகுத்த திட்டப்படி ஐ.பி.எம். நிறுவனத்தார் கட்டிய அப்பொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்டது. எடை ஏறத்தாழ ஐந்து டன். அதன் உறுப்புகள் ஏழரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. இருபத்து மூன்று இலக்க எண்களை அது கையாண்டது. ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி ஆகும். இன்றைய மாணவர்க்கு இவ்வேகம் நகைப்பை விளைக்கலாம். கையால் கணக்கிட்டுவந்த அக்காலத்தார்க்கோ அது பெரும் பேறு. கட்டளைகளை நீண்ட தாள்நாடாவில் துளைகளாக இட்டு அப்பொறிக்கு ஊட்ட வேண்டும். பீரங்கிகளுக்குரிய அட்டவணைகள் முதலிய போர்க்காலக் கணக்குகளை அம்மையாரும், ரிச்சர்டு பிளாக், இராபர்ட்டு காம்பெல் முதலிய உடன் பணியாளரும் இரவு பகலாகச் செய்துவந்தனர். பொறியை இயக்கும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதுமாறு எய்க்கன் அம்மையாரைப் பணித்தார். ஐந்நூறு பக்கத்திற்கு மேற்பட்ட அந்நூல் 1946இல் வெளிவந்தது.

இங்குத்தான் அவர் வாழ்வின் தலையாய பணிக்கு வித்து விழுந்தது. கோணத்தின் சைன் மதிப்பைக் காணுதல் போன்ற சில கணக்குகள் எந்த வேலையை எடுத்தாலும் மீண்டும் மீண்டும் வந்தன. ஒருமுறை எழுதி, பிழை நீக்கி, சரியென்று கண்ட கட்டளைப் பகுதிகளை அப்பணியாளர்கள் தத்தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். ஒருவர்க்கு வேண்டிய பகுதி மற்றொருவர் ஏட்டில் இருந்தால், ஏட்டை இரவல் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வர். இத்தகைய பகுதிகளே துணை நிரல்கள் எனப்படுபவை. ஒரு பெரிய வேலைக்கு வேண்டிய உறுப்புகள் பல இவ்வாறு ஏடுகளில் ஆயத்தமாகவே கிடந்தன. ஆனால் எது யாருடைய ஏட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பது அந்த அறையில் இருந்த சிலருக்கே தெரியும். அறைக்கு வெளியே இருந்தவர்க்கு அச்செல்வம் இருந்தும் இல்லாததே.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1947 செப்டம்பர் 9ஆம் நாள், மார்க்கு இரண்டு என்னும் அடுத்த பொறி பழுதுற்று நின்றபோது, அதனுள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி வைத்தனர். பூச்சியைக் கண்டவர் ஹாப்பர் அம்மையார் என்றும், பிழைக்குப் பூச்சி என்னும் பெயர் அன்றே பிறந்தது என்றும் பலர் எழுதுவர். இரண்டும் பொருந்தா. கண்டவர்கள் பொறியை இயக்கிய பிற பணியாளர்கள். பொறிக் குறையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்னரே உண்டு. அம்மையார் அக்கதையைப் பல அவைகளில் சுவைபடச் சொல்லிவந்தமையால் அஃது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1949ஆம் ஆண்டு அம்மையார் ஹார்வர்டை விட்டுப் பிலடெல்பியா நகரிலுள்ள எக்கர்ட்டு மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் கணிப்பொறியை அந்நிறுவனத்தார் உருவாக்கிக்கொண்டிருந்தனர். மறு ஆண்டே அந்நிறுவனம் ரெமிங்டன் ராண்டு என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. யூனிவாக் முழுதும் மின்னணுவால் இயங்குவது. நொடிக்கு ஏறத்தாழ 1,900 கூட்டல்களைச் செய்ய வல்லது. பொறி விரைந்தது, ஆனால் அதற்கு நிரல் எழுதும் மனிதர் விரையவில்லை. ஒரு நிரலை எழுதித் திருத்துவதற்குப் பல வாரங்கள் செல்லும். பொறியோ அதைச் சில மணித்துளிகளில் ஓட்டி முடித்துவிடும்.

காலம் எங்கே வீணாகின்றது என்று அம்மையார் ஆராய்ந்தார். நிரல் எழுதுவோர் பழைய துணை நிரல்களைப் பார்த்து எழுதும்போது இருவகைப் பிழைகள் நேர்வதைக் கண்டார். ஒன்று, எழுத்துப் பிழை. நான்கு என்னும் எண் வேறொரு குறியாக மாறும். பி என்னும் ஆங்கில எழுத்துப் பதின்மூன்று என்னும் எண்ணாக மாறும். மற்றொன்று, கூட்டல் பிழை. ஒவ்வொரு துணை நிரலும் பொறியின் நினைவகத்தில் சுழியாம் இடத்திலிருந்து தொடங்குவதாகக் கொண்டு எழுதப்பட்டிருக்கும். அதைப் புதிய நிரலின் நடுவே, இருநூறாம் இடத்தில் வைக்க வேண்டுமாயின், அதில் குறிக்கப்பட்ட இடங்களின் எண்களோடெல்லாம் இருநூறு கூட்ட வேண்டும். கணிதம் கற்றவர்களும் இக்கூட்டலில் தவறினர். பார்த்து எழுதுவதும், கூட்டுவதும், அட்டவணையில் தேடுவதும் மனிதர்க்குச் சலிப்பூட்டும் வேலைகள். ஆனால் கூட்டுவதற்கென்றே கட்டிய பொறி அருகில் நின்றுகொண்டிருந்தது! அவ்வேலையை அதனிடமே ஒப்படைத்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார்.

இவ்வெண்ணம் எழுவதற்குத் துணைநின்ற முன்னோடிகள் சிலர் உண்டு. எலிசபெத்து ஹோல்பர்ட்டன் என்னும் அம்மையார், பிறிதொரு நிரலைத் தானே எழுதித் தரும் நிரல் ஒன்றை 1951இல் யூனிவாக்குக்கு ஆக்கியிருந்தார். தமக்கு வழிகாட்டியது அதுவே என்று ஹாப்பர் பின்னாளில் நன்றியோடு குறிப்பிட்டார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ், டேவிட்டு வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் துணை நிரல்களை வகை வகையாகப் பிரித்து நூலகமாக அடுக்கி, 1951இல் நூலாகவும் வெளியிட்டனர். அந்நூலகத்தில் அப்போது எண்பத்தேழு துணை நிரல்கள் இருந்தன. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்துக் குறியாக வைக்கப்பட்டிருந்தது. வேண்டியதைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அங்கு மனிதர் வேலையாக இருந்தது.

ஹாப்பர் அம்மையார் 1951ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தம் முயற்சியைத் தொடங்கினார். தம்மிடமும் நண்பரிடமும் இருந்த துணை நிரல்களைத் திரட்டினார். ஒவ்வொன்றையும் ஒரே அமைப்பில் திருத்தி எழுதச் செய்தார். நூலகத்து நூலுக்கு எண் இடுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் இட்டார். அனைத்தையும் காந்த நாடாவில் வரிசையாகப் பதித்தார். இனி நிரல் எழுதுவோர் கட்டளைகளை முழுவதும் எழுத வேண்டுவதில்லை. வேண்டிய துணை நிரல்களின் அழைப்பெண்களையும், அவற்றுக்குத் தர வேண்டிய மதிப்புகளையும் முறைப்படி எழுதினால் போதும். பொறி நாடாவைத் தேடி, அந்தந்தத் துணை நிரலை எடுத்து, இடங்களின் எண்களைத் தானே கூட்டித் திருத்தி, எல்லாவற்றையும் இணைத்து ஒரே நிரலாக ஆக்கித் தரும். ஏ சுழி என்று பெயரிடப்பட்ட அம்முறையை 1952 மே மாதத்தில் பிட்ஸ்பர்க்கு நகரில் கூடிய அறிஞர் அவையில் அவர் விளக்கினார்.

சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி ஒன்றாக்குவதால் அதற்குத் தொகுப்பி என்னும் பொருள்பட அம்மையார் பெயரிட்டார். பிற்காலத்தில் அச்சொல், மனிதர் எழுதும் மொழியைப் பொறியின் மொழியாகப் பெயர்க்கும் நிரலைக் குறிப்பதாயிற்று. அவர் முதலில் ஆக்கியதை இன்றைய பொருளில் தொகுப்பி என்று கூறுதல் முற்றும் பொருந்தாது. அது செய்தது தேடுதலும் எடுத்தலும் கோத்தலுமே. ஆனால் இன்று களஞ்சியங்களிலிருந்து நிரல்களை வரவழைத்துப் பொருத்தும் கருவிகளின் மூதாதையாக அதனைக் கொள்வதில் தவறில்லை.

புதியதைக் கண்டவுடன் உலகம் வரவேற்றுவிடும் என்று எண்ணுவோர் அடுத்து நடந்ததை அறிதல் வேண்டும். இயங்கும் தொகுப்பி கையில் இருந்தும் அதைத் தொட எவரும் முன்வரவில்லை. கணிப்பொறி எண்களைக் கூட்டுமே தவிர நிரலை எழுதாது என்று அறிந்தோரே அடித்துக் கூறினர். நிரல் எழுதுதல் தமக்கு மட்டுமே கைவந்த கலை என்று இறுமாந்திருந்த சிலர், அக்கலை பொறிக்கும் பொதுமக்களுக்கும் போய்விடுமோ என்று அஞ்சினர் போலும். அம்மையார் மனம் தளரவில்லை. பொறியில் ஓட்டிக் காட்டினார். ஊர் ஊராகச் சென்று விளக்கினார்.

அவர் கைக்கொண்ட மற்றொரு வழி மிகவும் பாராட்டத் தக்கது. ஏ இரண்டு என்னும் திருந்திய தொகுப்பியை 1953ஆம் ஆண்டின் இறுதியில் யூனிவாக்கை வாங்கியவர்களுக்கு வழங்கியபோது, அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தனர். குறை கண்டால் திருத்துமாறும், சிறப்பாக்கினால் அதைத் திருப்பி அனுப்புமாறும் கேட்டுக்கொண்டனர். தொழிற்போட்டி மிக்க நாட்டில், ஆக்கியதன் உட்பொருளையும் வாங்குவோரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னது பெருந்தன்மை மட்டுமன்று, நுண்ணறிவும் ஆகும். ஒருவர் ஏட்டில் முடங்கிக் கிடந்த துணை நிரல்கள் இவ்வாறு பலர்க்கும் உரிய பொதுப்பொருளாயின. 1955இல் ஐ.பி.எம். பொறிகளைப் பயன்படுத்தியோரும் ஒரு சங்கம் கூட்டித் தம் நிரல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். பின்னாளில் இணையம் வந்ததும் இவ்வழக்கம் உலகளாவியதாயிற்று. பெர்ல் என்னும் நிரல்மொழிக்கு 1995ஆம் ஆண்டிலும், பைத்தான் மொழிக்கு 2003ஆம் ஆண்டிலும் பொதுக் களஞ்சியங்கள் தோன்றின. அவற்றில் ஒவ்வொரு பொதிக்கும் பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, அது வேறு எந்தப் பொதிகளை நாடி நிற்கின்றது என்பதையும் குறித்துவைப்பர். அம்மையார் காந்த நாடாவில் இட்ட அழைப்பெண்ணின் வழித்தோன்றல் என்றே அவற்றைச் சொல்லலாம்.

1954இல் நிறுவனத்தார் தானியங்கு நிரலாக்கத்திற்கென ஒரு துறை அமைத்து அம்மையாரை அதன் தலைவராக்கினர். குறிகளும் எண்களும் கணித வல்லுநர்க்கு எளியவை. கணக்கரும் வணிகரும் சொற்களையே விரும்புவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று 1955இல் மேலாளர்களுக்கு ஒரு திட்டம் அளித்தார். சொற்களும் பொறிக்கு வெறுங்குறிகளே என்பதைக் காட்ட, அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் எழுதி ஓட்டிக் காட்டினார். விளைவு வேறாக முடிந்தது. அமெரிக்காவில் கட்டிய பொறி பிரெஞ்சும் ஜெர்மனும் எங்ஙனம் அறியும் என்று மேலாளர்கள் திகைத்துப் போயினர். அவர்களை இசைவிக்க மேலும் பல மாதங்கள் ஆயின. அம்முயற்சியில் உருவான புளோமேட்டிக் என்னும் மொழி 1958இல் வழக்கத்திற்கு வந்தது.

நிறுவனத்திற்கு ஒரு மொழி என்று பெருகினால், ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொரு பொறிக்கு உதவாது. ஆதலால் 1959ஆம் ஆண்டு அரசினரும் பொறி செய்வோரும் பயன்படுத்துவோரும் ஒன்றுகூடிப் பொதுமொழி ஒன்றை வகுக்கத் தலைப்பட்டனர். அதுவே கோபோல். அதனைக் குழுவினர் பலர் சேர்ந்து ஆக்கினர். ஹாப்பர் அம்மையார் அறிவுரையாளராக இருந்தார். புளோமேட்டிக் அதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை, இருவேறு நிறுவனங்கள் செய்த இருவேறு பொறிகளில் ஓட்டிப் பார்த்தனர். இரண்டிலும் அது செம்மையாக ஓடியது.

1966ஆம் ஆண்டின் இறுதியில் அகவை அறுபது நிரம்பியதால் கடற்படைச் சேமப் பிரிவிலிருந்து அவரை ஓய்வு பெறச் செய்தனர். அவருக்கு அது துயரம் தந்தது. ஆனால் ஏழு மாதங்களில் கடற்படையினரே மீண்டும் அழைத்தனர். கடற்படையில் வழங்கிய கோபோல் நிரல்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டுக் குழம்பிக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த ஆறு மாதப் பணிக்கென்று அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் இடையில் சிறு ஓய்வோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நீண்டது. எந்தத் தொகுப்பி விதிப்படி அமைந்தது, எது பிறழ்ந்தது என்று சோதித்தறியும் நிரல்களை அவர் குழுவினர் ஆக்கினர்.

முதுமையிலும் அவர் அவைதோறும் சென்று சொற்பொழிவாற்றினார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதைக் காட்ட, ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கையோடு கொண்டு சென்று இளைஞர்களுக்கு வழங்குவார். வழக்கம் என்பதற்காக ஒன்றைத் தொடர்வதை அவர் வெறுத்தார். அதற்கு அடையாளமாக அவர் அறையில் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. பார்ப்பவர்க்கு முதலில் தடுமாற்றம் தோன்றும்; சில நாளில் பழகிவிடும்.

1985இல் அவர் ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவி அடைந்தார். 1986 ஆகஸ்டுத் திங்களில், எழுபத்தொன்பதாம் அகவையில், பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற பழம்பெருங் கப்பலான கான்ஸ்டிட்யூஷனின் மேல்தளத்தில் அவருக்கு விடைகொடுத்தனர். அதன் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கணிப்பொறி நிறுவனம் ஒன்றுக்கு அறிவுரையாளராக இருந்து, 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் நகரிலுள்ள படைவீரர் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1997இல் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹாப்பர் என்று பெயர் சூட்டிப் பணியில் சேர்த்தது. அந்துப்பூச்சி ஒட்டிய பழைய நாட்குறிப்பு வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.